தாத்தாவின் விரலுக்கு ஒரு மடக்குக் கத்தி

எங்கள் தாத்தாவின் வலது கை மோதிர விரல் முழுதாக மடங்காது. பாகான் டத்தோவில் தென்னந்தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கயிற்று முடிச்சு ஒன்றை அவிழ்க்க மடக்குக் கத்தியின் முனையை உள்ளே குத்தி நெம்பினாராம். அலகு திடீரென்று மடங்கி, பிடித்திருந்த கையின் மீதே விழுந்தது. காயம் ஆறியது. விரல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

சிறுவயதில் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே கதை கேட்டிருக்கிறேன். இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டில், "அன்றாடம் பயன்படும் கருவி ஒன்றை எடுத்து மறுவடிவமைப்புச் செய்க" என்று விரிவுரையாளர் இடுபணி கொடுத்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த விரல்தான். பெரிய மடக்குக் கத்தி ஒன்றைக் கையாலேயே செய்வது என்று முடிவு செய்தேன்.

செய்தி கேட்டதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம பிள்ளைங்க கையில கத்தியப் பார்த்தா ஊரு என்ன பேசும்னு தெரியாதா? நீ படிக்கப் போனியா, இதுக்குப் போனியா?" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஓர் இந்திய இளைஞன் கையில் கத்தி என்றாலே பலருக்குக் குண்டர் கும்பல்தான் நினைவுக்கு வரும். என்னிடம் அப்போது பதில் இல்லை. "தாத்தாவுக்காகம்மா" என்று மட்டும் சொன்னேன்.

பூட்டுதான் உயிர்

மடக்குக் கத்தி என்றால் அலகுதான் முக்கியம் என்று நானும் நினைத்திருந்தேன். படிக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் உயிர் அச்சாணியிலும் பூட்டிலும் இருப்பது புரிந்தது. தாத்தாவின் பழைய கத்தியில் பூட்டே கிடையாது. முதுகில் இருந்த ஒரு வில் மட்டும் அலகை அழுத்திப் பிடித்திருந்தது. எதிர்த்திசையில் அழுத்தம் கூடினால் அது விட்டுக்கொடுத்துவிடும்.

பெரிய கத்தியில் ஆபத்து இன்னும் அதிகம். பள்ளியில் படித்த திருப்புத்திறன் இங்கே உதவியது. அச்சாணியிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி, அலகு மடங்கும் திசையில் 5 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டு அச்சாணியிலிருந்து 1 சென்டிமீட்டரில் இருந்தால் அது 30 கிலோவைத் தாங்க வேண்டும். அதே விசை 12 சென்டிமீட்டர் தொலைவில் விழுந்தால் 60 கிலோ! அலகு நீள நீள, சுண்டுவிரல் நகம் அளவே உள்ள ஓர் இரும்பு விளிம்பின் மீது சுமை ஏறிக்கொண்டே போகிறது. அச்சாணித் துளையில் தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும் முனை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆடும். கைவினைஞர்கள் ஒரு மடக்குக் கத்தியைத் திறந்ததும் முதலில் அலகை ஆட்டிப் பார்ப்பது இதனால்தான்.

இந்தச் சிக்கலுக்குப் பலர் பலவிதமாக விடை கண்டிருக்கிறார்கள். பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் 1955 முதல் ஒரு வளையம் வந்தது. அதைத் திருகினால் அலகு அசையாது. 1964இல் அமெரிக்காவில் வெளிவந்த பக் 110 கத்தி, முதுகை அமுக்கினால் விடுபடும் பூட்டைப் புகழ்பெறச் செய்தது. மைக்கேல் வாக்கர் என்ற கைவினைஞர் 1980களின் தொடக்கத்தில், கைப்பிடிக்குள் இருக்கும் பக்கத் தகடே நகர்ந்து வந்து அலகைத் தாங்கும் பூட்டை மெருகேற்றினார். இன்று 'டெக்டிக்கல்' என்று விற்கப்படும் பெரிய மடக்குக் கத்திகள் பலவற்றிலும் இந்தப் பக்கத் தகட்டுப் பூட்டையோ அதன் வழிவந்த ஒன்றையோ பார்க்கலாம்.

'டெக்டிக்கல்' என்றதும் சண்டைதான் நினைவுக்கு வரும். ஆனால், அந்தக் கத்திகளுக்கு முன்னோடியாக, ஒரு கையால் திறக்க வட்டத் துளையும் சட்டைப்பையில் மாட்டக் கிளிப்பும் வைத்து ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட கத்தியின் பெயர் 'வொர்க்கர்', அதாவது தொழிலாளி. தென்னாப்பிரிக்கரான கிறிஸ் ரீவ் உருவாக்கிய புகழ்பெற்ற கத்தி 'செபென்சா'. சூலு மொழியில் அதற்கு வேலை என்று பொருள். அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு பதில் கிடைத்தது போலிருந்தது.

ராம்பூரின் கதை

ஆனால், அம்மாவின் பயம் உண்மையாகிப்போன ஊரும் இருக்கிறது. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலுள்ள ராம்பூர், கையால் செய்யும் பெரிய மடக்குக் கத்திக்குப் பேர்போனது. நவாபுகள் ஆண்ட காலத்தில் வளர்ந்த கைத்தொழில் அது. பிறகு இந்தித் திரைப்பட வில்லன்களின் கையில் 'ராம்பூரி' இடம்பிடித்தது. குற்றச்செயலோடு அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. 4.5 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள அலகுகளுக்கு மாநில அரசு தடை விதித்தது. பட்டறைகள் குறைந்தன. 2023இல் அந்நகரில் 20 அடி நீளக் கத்தி ஒன்றை நினைவுச் சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். கையில் பிடிக்கும் கத்தியைச் செய்யும் கைகள் குறைந்துபோன பிறகு வந்த சின்னம் அது.

நம் நாட்டிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் தொடர்பான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முறையான காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பொத்தானை அழுத்தினால் தானே பாய்ந்து திறக்கும் கத்தியை அச்சட்டம் தனியாகவே குறிப்பிடுகிறது. அதனால் என் வடிவமைப்பில் பொத்தானும் இல்லை, அலகைத் தள்ளிவிடும் வில்லும் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்த மாதிரியின் அலகு வெறும் அக்ரிலிக். எஃகு அலகு வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை.

தாத்தாவின் தீர்ப்பு

முதலில் அட்டையில் வெட்டினேன். அச்சாணியாகக் குண்டூசி. பிறகு ஒட்டுப்பலகை, அக்ரிலிக். வாக்கரின் வழியில் பக்கத் தகட்டுப் பூட்டு வைத்தேன். திறக்கும்போது 'டக்' என்று விழும் சத்தம் எனக்கே பெருமையாக இருந்தது. விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோய்த் தாத்தாவிடம் நீட்டினேன்.

அவர் திறந்து பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். மூடச் சொன்னதும் கட்டைவிரலால் எந்தத் தகட்டைத் தள்ள வேண்டும் என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, மூடுறதுக்குக் கத்தி வர்ற வழியிலேயே விரல வைக்கச் சொல்றியே?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. உலகமே பாராட்டும் பூட்டு அது. பழகிய கைக்கு அதில் சிரமமில்லை. ஆனால், ஒருமுறை அறுபட்ட கைக்கு? அவர் அதை மூடவே இல்லை. என் கையில் திறந்தபடியே திருப்பிக் கொடுத்தார்.

அன்றிரவு மீண்டும் அட்டையை எடுத்தேன். இம்முறை பூட்டின் விடுப்பு முதுகுப் பக்கம் போனது. ஒரு கையால் முதுகை அமுக்கி, மறுகையால் அலகை மடக்கினால் விரல் எதுவும் அதன் வழியில் நிற்காது. மடங்காத மோதிர விரல் சாய்ந்துகொள்ள கைப்பிடியின் அடிப்பகுதியில் ஒரு மேடு வைத்தேன். பிடிக்கு, வயதான தென்னையின் வெளிப்புற வைரம். அலகுக்கு, பழைய லோரியின் வில்தகடு.

பக்கத்து ஊர்க் கொல்லர் ஒருவர் உதவினார். அடித்துத் தேய்த்து 4 மில்லிமீட்டர் தடிப்புக்குக் கொண்டுவர இரண்டு வார இறுதிகள் ஆயின. எஃகைக் காய்ச்சக் காய்ச்ச, ஏறக்குறைய 770 பாகை செல்சியசில் காந்தம் ஒட்டாமல் போகும். அதைச் சற்றுத் தாண்டியதும் எண்ணெயில் தோய்த்தோம். அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே உடைந்துவிடும் என்பதால், 200 பாகையில் இரண்டு மணி நேரம் மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்தினோம். தொடக்கப்பள்ளியில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில் வரைந்த படங்களுக்கெல்லாம் அன்றுதான் எடை வந்தது. இந்தப் பாடத்தை இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, வரைந்த பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் கையில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். எனக்குக் கிடைத்த பெரிய மதிப்பீடு அங்கேதான் கிடைத்தது.

கத்தி இப்போது கொட்டகையில் தாத்தாவின் கருவிப்பெட்டியில் இருக்கிறது. முதல் வேலையாக உரச்சாக்கின் தையலைப் பிரித்தார். மூடும்போது அவர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் விளக்குமாறு கட்டுவதற்கு ஈர்க்கு சீவ உட்கார்ந்த அம்மா, "அந்தக் கத்திய எடுத்துட்டு வா" என்றார்.

"மூடும்போது முதுகுல அமுக்கணும்மா" என்றேன்.

"தெரியும். தாத்தா சொல்லிட்டாரு."