பழமா, பாதிப் பழமா?

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் உச்சியிலிருந்து, 7 மைலுக்கு அப்பால் இராஜபாளையத்தில் ஒருவர் கையில் ஏந்தியிருக்கும் 4 அங்குல மாம்பழத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பழம் எவ்வளவு சிறிய கோணமாகத் தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் சூரியனை உரசிக்கொண்டு வரும் நக்ஷத்திர ஒளி தன் பாதையிலிருந்து வளைவது. கணக்கில் 1.75 விகலை. நியூட்டன் விதிப்படியானால் இதில் பாதிதான் வரவேண்டும். பழமா, பாதிப் பழமா என்பதே அன்றைய வழக்கு.

1919 மே 29 பூரண சூரிய கிரகணத்தில் படமெடுத்து, எடிங்டன் முதலியோர் ஐன்ஸ்டீன் பக்கம் தீர்ப்புக் கூறினார்கள். ஐயம் அதோடு தீரவில்லை. 1922 செப்டம்பர் 21 கிரகணத்துக்காக, நமக்கு வடக்கே மலைமேலுள்ள கொடைக்கானல் வானாராய்ச்சி சாலையின் தலைவர் எவர்ஷெட், மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் வாலல் என்னுமிடத்துக்குக் கருவிகளுடன் கப்பலேறிச் சென்றார். பாவம், கருவிக் கோளாறினால் அத்தனை பிரயாசையும் வீணாயிற்று. அதே இடத்தில் முகாமிட்டிருந்த அமெரிக்க லிக் ஆராய்ச்சி சாலையார் எடுத்த படங்களே ஐன்ஸ்டீன் கணக்கை உறுதிப்படுத்தின. பாடப் புத்தகங்கள் வென்றவர்களை மட்டுமே சொல்கின்றன. எவர்ஷெட்டின் யாத்திரையையும் நம் மாணவர்கள் அறியவேண்டும் என்பது என் ஆசை.

சூரியனிடத்தில் வென்ற விதி எங்கும் வெல்லுமா? தூரத்து நக்ஷத்திர மண்டலங்களின் விளிம்பிலுள்ள நக்ஷத்திரங்கள், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஆகர்ஷணத்துக்கு மிஞ்சிய வேகத்தில் சுற்றுகின்றன. காணாத பொருள் ஏதோ இருக்கிறது என்பர் பெரும்பாலோர். ஆகர்ஷண விதியையே திருத்தவேண்டும் என்பர் சிலர். இப்படி எழுந்த பாடபேதங்கள் பல. அவற்றுள் பலவும் சூரியன் அருகில் ஐன்ஸ்டீன் கணக்கோடு ஒத்துப்போவதால், பிரித்தறிவதற்கு ஆகர்ஷணம் உச்சத்திலிருக்கும் கருந்துளையைத்தான் நாடவேண்டும்.

அங்கே ஒளி சற்று வளைவதோடு நிற்பதில்லை; செக்குமாடு போல் சுற்றியே வரும். இன்னும் நெருங்கினால் மீளாது. ஆகவே ஒளி வளையத்தின் நடுவே இருண்ட நிழல் ஒன்று தெரியும். கருந்துளையின் எடையும் தூரமும் தெரிந்தால், நிழலின் அளவை ஐன்ஸ்டீன் விதி முன்கூட்டியே சொல்லிவிடும். பாடபேதங்கள் சிலவற்றில் அது பெருக்கும், சிலவற்றில் சிறுக்கும்.

நம் பால்வீதியின் நடுவே, சுமார் 27,000 ஒளியாண்டுக்கு அப்பால், 40 லக்ஷம் சூரியன்களின் எடையுள்ள கருந்துளை ஒன்று உண்டு. அதைச் சுற்றிவரும் நக்ஷத்திரங்களின் ஓட்டத்தைக் கொண்டு எடையை முன்பே கணித்திருந்தார்கள். பூமியின் பல பாகங்களிலுள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து எடுத்த அதன் படம் 2022 மே மாதம் வெளியாயிற்று. வளையத்தின் அளவு என்ன தெரியுமா? நமது இராஜபாளையத்து மாம்பழத்தையே சந்திரனில் வைத்து இங்கிருந்து பார்த்தால் எவ்வளவோ, அவ்வளவு!

அளந்த நிழல் ஐன்ஸ்டீன் கணக்கோடு சுமார் 10 சதவீதத்துக்குள் ஒத்திருந்தது. அளவுமீறிப் பெருக்கியும் சுருக்கியும் சொன்ன பாடங்கள் தள்ளுபடியாயின. ஆயினும் அந்த 10 சதவீத இடைவெளியில் ஒளிந்துகொண்டு இன்னும் பல உயிரோடிருக்கின்றன. அவற்றைப் பிடிக்கப் பூமியைவிட அகலமான தொலைநோக்கி வேண்டும். அதற்காக, வானவெளிக்கு ஒரு தொலைநோக்கியை அனுப்பி இங்குள்ளவற்றோடு இணைக்கும் யோசனை நடந்துவருகிறது.