கணினிச் செயலியைக் குளிர்வித்தல்

கணினிச் செயலியைக் குளிர்வித்தல் என்பது, கணினி இயங்கும்போது அதன் மையச் செயலியில் உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றி, செயலியின் வெப்பநிலையைப் பாதுகாப்பான எல்லைக்குள் வைத்திருப்பதாகும். செயலி பயன்படுத்தும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகிறது. இவ்வெப்பம் முதலில் ஹீட் சிங்க் எனப்படும் வெப்ப உறிஞ்சிக்கும், அதிலிருந்து பெட்டியினுள் உள்ள காற்றுக்கும், இறுதியாகப் பெட்டிக்கு வெளியேயும் செல்ல வேண்டும். இடம் குறைந்த பெட்டிகளைக் கொண்ட பழைய மேசைக் கணினிகளில் பெரும்பாலும் தடைப்படுவது இந்த இறுதிப் படியே ஆகும்.

வரலாறு

1990களின் தொடக்கத்தில் 80486 வகைச் செயலிகள் பல விசிறி இல்லாமலேயே இயங்கின. செயலிகளின் வேகம் கூடக்கூட அவை வெளியிடும் வெப்பமும் கூடியது. 2004 பெப்ரவரியில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட, பிரெஸ்காட் எனப் பெயரிடப்பட்ட பென்டியம் 4 செயலிகள் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. இவ்வகையில் 3.8 கிகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட செயலியின் வெப்ப வடிவமைப்புத் திறன் 115 வாட் ஆகும். இச்சிக்கலைக் குறைக்கும் நோக்குடன், வெளிக்காற்று முதலில் செயலியை அடையும் வகையில் பாகங்களை அடுக்கும் பிடிஎக்ஸ் என்னும் பெட்டி அமைப்பை இன்டெல் முன்வைத்தது. 2006 இல் 65 வாட் அளவிலான கோர் 2 டியோ செயலிகள் வெளியான பின்னர் அதன் தேவை குறைந்தது, அவ்வமைப்பும் கைவிடப்பட்டது.

வெப்பநிலையைக் கணக்கிடல்

செயலியின் வெப்பநிலையைப் பின்வருமாறு தோராயமாகக் கணக்கிடலாம்:

செயலியின் வெப்பநிலை = செயலி விசிறிக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை + (வெப்பத் திறன் × வெப்பத்தடை)

எடுத்துக்காட்டாக, 84 வாட் செயலி ஒன்றின் மீது, ஒரு வாட்டுக்கு 0.35 °செ வெப்பத்தடை கொண்ட வெப்ப உறிஞ்சி பொருத்தப்பட்டிருந்தால், செயலி தன்னைச் சூழ்ந்த காற்றைவிட ஏறத்தாழ 29 °செ சூடாக இருக்கும். நுழையும் காற்று 38 °செ எனில் செயலி 67 °செ அளவையும், காற்று 48 °செ எனில் 77 °செ அளவையும் அடையும். பிரெஸ்காட் செயலிகளின் மேலுறைக்கு விதிக்கப்பட்ட உச்ச அளவு ஏறத்தாழ 70 °செ என்பதால், இரண்டாவது நிலை எல்லை மீறியதாகும். பெட்டியினுள் காற்று எத்தனை பாகை சூடாகிறதோ, செயலியும் அத்தனை பாகை சூடாகும். பெட்டிக் காற்றை மாற்றாமல் செயலி விசிறியை மட்டும் வேகமாகச் சுழற்றுவதால், அதே சூடான காற்றே மீண்டும் மீண்டும் சுற்றிவரும்.

ஒரு கன மீட்டர் காற்றை 1 °செ சூடாக்க ஏறத்தாழ 1.2 கிலோஜூல் தேவை. கணினியின் எல்லாப் பாகங்களும் சேர்ந்து 200 வாட் வெப்பத்தை வெளியிட்டால், ஒரு நிமிடத்தில் 12 கிலோஜூல் வெப்பம் உண்டாகும். எனவே, பெட்டியினுள் வெப்பநிலை உயர்வு 10 °செ அளவைத் தாண்டாதிருக்க நிமிடத்திற்கு ஒரு கன மீட்டர் காற்று பெட்டி வழியே செல்ல வேண்டும்.

மிகைவெப்பத்தின் விளைவுகள்

* வேகம் குறைதல்: பென்டியம் 4 செயலி குறிப்பிட்ட வெப்பநிலையை அடைந்ததும் தன் கடிகாரத் துடிப்புகளை இடையிடையே நிறுத்திக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் தோன்றாததால், கணினி பழையதாகிவிட்டது என்றே பயனர் எண்ணக்கூடும்.
* திடீரென நிற்றல்: வெப்பம் மேலும் உயர்ந்தால் கணினி முழுவதும் நின்றுவிடும், சேமிக்கப்படாத தரவுகள் இழக்கப்படும்.
* செயலி அழிதல்: 2000 இல் வெளியான தண்டர்பேர்ட் வகை ஏஎம்டி ஏத்லான் செயலிகளில் இத்தகைய உள்பாதுகாப்பு இல்லை. வெப்ப உறிஞ்சி கழன்றால் அவை சில நொடிகளில் கருகிவிடும்.
* மின்தேக்கிகள் கெடுதல்: செயலியைச் சுற்றியுள்ள மின்பகு மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பநிலை 10 °செ உயரும்போது ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுவிதி. அவற்றின் தலைப்பகுதி உப்பியிருப்பது கெட்டதற்கான அடையாளம்.

பராமரிப்பு முறைகள்

பின்வருவனவற்றுள் பல செலவின்றிச் செய்யத்தக்கவை. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும்.

1. தூசி நீக்கல்: வெப்ப உறிஞ்சியின் தகடுகளுக்கிடையே படியும் தூசி காற்றோட்டத்தை அடைக்கிறது. விசிறியின் இதழ்களைச் சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, தூரிகையாலோ காற்றை ஊதியோ அதனை நீக்கலாம்.
2. கம்பிகளை ஒழுங்குபடுத்தல்: வன்தட்டையும் குறுவட்டு இயக்கியையும் இணைக்கும் அகன்ற பட்டைக் கம்பிகள் காற்றின் குறுக்கே திரைபோல் நிற்கின்றன. அவற்றை மடித்துப் பெட்டியின் ஓரத்தில் கட்ட வேண்டும்.
3. காற்றுவழி அமைத்தல்: முன்புறக் கீழ்ப்பகுதியில் காற்று நுழைந்து, பின்புற மேற்பகுதியில் வெளியேறுவது பொதுவான ஏடிஎக்ஸ் பெட்டிகளுக்கு ஏற்றது. பின்புறத்தில் 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைச் சேர்ப்பது பெரிதும் பயன்தரும். பக்கத் தகட்டிலுள்ள துளைகளிலிருந்து செயலி விசிறிக்கு நேராகச் செல்லும் குழாய் இருந்தால், வெளிக்காற்றே செயலியை அடையும். பெட்டியின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தால் வெளியேறும் வெப்பக் காற்று திரும்பி வரும்.
4. வெப்பக் களிம்பு மாற்றல்: செயலிக்கும் வெப்ப உறிஞ்சிக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் காற்று இல்லாதபடி நிரப்புவதே களிம்பின் பணி. உலோகத்தைவிடக் களிம்பு வெப்பத்தைக் குறைவாகவே கடத்துவதால், மெல்லிய படலமே போதுமானது. உலர்ந்த பழைய களிம்பை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்துவிட்டுப் புதியதை இட வேண்டும்.
5. பொருத்துதலைச் சரிபார்த்தல்: எல்ஜிஏ 775 வகைத் தாய்ப்பலகைகளில் வெப்ப உறிஞ்சியை நான்கு நெகிழி முளைகள் பிடித்துள்ளன. ஒன்று கழன்றாலும் உறிஞ்சி சாய்ந்து தொடுகை குறையும். சாக்கெட் 478 வகையில், காய்ந்த களிம்பு காரணமாக உறிஞ்சியுடன் செயலியும் பிடுங்கப்பட்டு வரக்கூடும். கணினியைச் சிறிது நேரம் இயக்கிக் களிம்பை இளக்கிய பின், மின்னிணைப்பை நீக்கி, உறிஞ்சியை மெல்லத் திருகி எடுப்பது பாதுகாப்பானது.

பக்கத் தகட்டைக் கழற்றி வைப்பது சில பெட்டிகளில் செயலியின் வெப்பத்தைக் குறைக்கும். எனினும், முன்புறத்திலிருந்து வன்தட்டின் மீது செல்லும் காற்று அதனால் குறையலாம். தூசியும் விரைவில் படியும். ஆயினும் இது நல்லதொரு சோதனையாகும். தகட்டைக் கழற்றியதும் செயலியின் வெப்பநிலை பெரிதும் இறங்கினால், குறை பெட்டியின் காற்றோட்டத்தில் உள்ளது. இறங்காவிட்டால் களிம்பு, பொருத்துதல், தூசி ஆகியவற்றை ஆராய வேண்டும்.

வெப்ப உற்பத்தியைக் குறைத்தல்

செயலியின் இயங்குநிலை மின்திறன் அதன் வேகத்திற்கும், மின்னழுத்தத்தின் இருபடிக்கும் நேர்விகிதத்தில் உள்ளது. மின்னழுத்தத்தை 10 விழுக்காடு குறைத்தால் இத்திறன் 19 விழுக்காடு குறையும். தாய்ப்பலகை இதற்கு இடமளித்தால், விசிறி சேர்க்க இடமில்லாத மிகச் சிறிய பெட்டிகளுக்கு இதுவே ஏற்ற வழியாகும்.