மடியிலிருந்த சாவி

விசுவாசம் என்னும் சொல் கிறிஸ்தவ வழக்கில் இரண்டு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. கடவுளைப் பற்றிய சில உண்மைகளை மனம் ஏற்றுக்கொள்வது ஒரு பொருள். அந்தக் கடவுளின்மேல் பாரத்தை வைத்துச் சார்ந்து நிற்பது மற்றொரு பொருள். நோயோ கடனோ இழவோ ஒரு வீட்டுக்குள் புகும்போது பெரும்பாலும் ஆட்டங்காண்பது இந்த இரண்டாவதுதான். கடவுள் உண்டு என்பதில் ஐயமே இல்லாதவர்கூட அவர் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணத் தொடங்குகிறார். இந்நிலையைத் தமிழ்ச் சபைகளில் ‘சோர்ந்துபோதல்’ என்றும் ‘பின்வாங்கிப்போதல்’ என்றும் இரண்டு சொற்களால் குறிப்பதுண்டு. ஒன்று நிலையைச் சொல்கிறது, மற்றொன்று குற்றம் சாட்டுகிறது. பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், சோர்ந்தவர் தாம் பின்வாங்கிவிட்டதாகவே நம்பி மேலும் சோர்கிறார். இவ்விரண்டையும் மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் பன்யன். தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று பல தலைமுறைகளாகப் படிக்கப்பட்டுவரும் கதையின் ஆசிரியர் அவரே.

பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் 1628-இல் பிறந்த பன்யன், ஊர் ஊராகச் சென்று பானை சட்டிகளின் ஓட்டையடைக்கும் தொழிலைத் தந்தையிடமிருந்து கற்றவர். பள்ளிப்படிப்பு சொற்பமே. நாடறிந்த போதகராவதற்கு முன் நெடுங்காலம் அவர் மனக்கலக்கத்தில் உழன்றார் என்பதற்கு, 1666-இல் வெளியான அவருடைய தன்வரலாற்று நூலே சான்று. கிறிஸ்துவை விற்றுவிடு என்று ஏதோ ஒரு குரல் இரவும் பகலும் தம்மை நெருக்கியதாகவும், ஒருநாள் களைப்பு மிகுதியால் மனத்துக்குள் இணங்கிவிட்டதாகவும், ஒருவேளை உணவுக்காகத் தன் சேஷ்டபுத்திர உரிமையை, அதாவது தலைமகனுக்குரிய பங்கை, விற்ற ஏசாவைப்போல் தமக்கும் இனி மீட்பில்லை என்று நீண்டகாலம் நடுங்கியதாகவும் அவர் எழுதுகிறார். ஒரு வசனம் தேற்றும்; மறுநாளே இன்னொரு வசனம் வந்து அந்தத் தேறுதலைப் பறித்துக்கொள்ளும். சோர்வு வேதத்தை வாசிக்கவே விடாது என்று நினைப்பவர்கள் இந்நூலைப் படித்தால் வியப்படைவார்கள். பன்யனின் சோர்வு வேதத்தை இடைவிடாமல் வாசித்தது, ஆனால் தனக்கு எதிரான வரிகளை மட்டுமே பொறுக்கியெடுத்தது.

புறத்துன்பம் 1660 நவம்பரில் வந்தது. அரசர் இரண்டாம் சார்லஸ் அரியணையேறிய பின், இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குக்கு உட்படாமல் தனியே கூடி வழிபடுவோர்மேல் 1593-ஆம் ஆண்டுச் சட்டமொன்று மீண்டும் பாயத் தொடங்கியிருந்தது. அனுமதி பெறாத போதகரான பன்யன் ஒரு கிராமக் கூட்டத்தில் பேச எழுந்தபோது கைதானார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று உறுதிகொடுத்தால் வீடு திரும்பலாம் என்ற நிலையில், அந்த உறுதியை அவர் கொடுக்க மறுத்தார். சில மாதங்களில் முடிந்திருக்கக்கூடிய காவல் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. அவருடைய இரண்டாம் மனைவி எலிசபெத், முதல் மனைவியின் நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர்களில் மூத்தவளான மேரிக்குப் பிறவியிலிருந்தே பார்வையில்லை. கணவர் கைதான அதிர்ச்சியில் தம் வயிற்றுப் பிள்ளையை இழந்த அந்த இளம்பெண், 1661 ஆகஸ்டில் நீதிபதிகள் முன் நேரில் நின்று வழக்காடியும் பயன் கிட்டவில்லை. சிறைக்குள் பன்யன் காலணிக்கும் உடைக்கும் கட்டும் நாடாக்களின் முனையில் உலோகக் குப்பி பொருத்தி, குரோசுக் கணக்கில் விற்றுக் குடும்பத்துக்குக் காசு அனுப்பினார். ஒரு குரோசு என்பது 144.

இந்தச் சிறைவாசத்தை வீரக்கதையாகச் சொல்வது எளிது. பன்யன் அப்படிச் சொல்லவில்லை. தமக்குத் தூக்குத் தண்டனை கிடைக்கலாம் என்று அஞ்சிய நாட்களில், ஏணியின்மேல் வெளிறிய முகத்தோடும் நடுங்கும் முழங்காலோடும் நின்று சுவிசேஷத்துக்கு அவமானம் தேடிவிடுவோமோ என்று கவலைப்பட்டதாகவும், அக்காலத்தில் மறுமையைப் பற்றிய ஆறுதல் எதுவுமே தம் உள்ளத்தில் இல்லை என்றும் அவர் ஒளிவின்றி எழுதுகிறார். முடிவில் அவருக்குக் கிடைத்தது உணர்ச்சிப் பெருக்கு அன்று, ஒரு தீர்மானம். கடவுள் இப்போது தேற்றுவதும் தேற்றாததும் அவருடைய விருப்பம், தாம் அவரைச் சார்ந்திருப்பதா இல்லையா என்பது மட்டும் தம்முடைய விருப்பத்தில் இல்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார். விசுவாசம் என்பதன் இரண்டாவது பொருளுக்கு இதைவிடக் கூர்மையான விளக்கம் கிடைப்பது அரிது.

அவருடைய பெருநூலின் முதற்பாகம் 1678-இல் வெளிவந்தது. அதைச் சிறையிலேயே எழுதத் தொடங்கினார் என்பது பொதுவான கருத்து. குணங்களையும் மனநிலைகளையும் ஆட்களாகவும் இடங்களாகவும் ஆக்கிக் காட்டும் உருவகக் கதை அது. கிறிஸ்தியான் என்னும் பயணி அழிவின் நகரத்தை விட்டு விண்ணக நகரத்துக்கு நடந்துபோகும் வழியே அதன் களம். பயணம் தொடங்கியவுடனே குறுக்கிடுவது நம்பிக்கையிழவு என்னும் உளை. முதுகில் மூட்டையோடு கிறிஸ்தியானும், மூட்டையில்லாத அவன் துணைவனும் ஒருசேர அதில் விழுகிறார்கள். எதற்கும் எளிதில் இணங்கிவிடும் துணைவன், இதுதான் நீ சொன்ன இன்பமா என்று சினந்து, தன் வீட்டுப் பக்கத்துக் கரையில் ஏறிப் போய்விடுகிறான். கிறிஸ்தியானோ இன்னும் ஆழமாகப் புதைகிறான், ஆனால் எதிர்க்கரையை நோக்கியே புரள்கிறான். பின்வாங்கியவன் அதிகம் சோரவில்லை, அதிகம் சோர்ந்தவன் பின்வாங்கவில்லை என்பதைக் கதை இங்கே ஓசையின்றிச் சொல்லிவிடுகிறது. அந்தச் சேற்றை நிரப்ப அரசனின் ஆட்கள் பல நூற்றாண்டுகளாக நல்ல போதனைகளை ஆயிரக்கணக்கான வண்டிகளில் கொண்டுவந்து கொட்டியும் அது நிரம்பவில்லை என்ற குறிப்பும் உண்டு. துக்க வீட்டில் அறிவுரைகளை அடுக்குகிறவர்கள் இந்த இடத்தை மறுபடியும் படிக்கலாம். கிறிஸ்தியானைக் கரையேற்றியது கைகொடுத்த ஓர் ஆள்.

நூலின் நடுவில் வரும் ஐயக்கோட்டை இதைவிட இருண்டது. நல்ல பாதை கல்லும் முள்ளுமாயிருக்கிறது என்று வேலி தாண்டி மெத்தென்ற புல்வழியில் இறங்கிய கிறிஸ்தியானையும் நம்பிக்கை என்னும் தோழனையும் விரக்தி என்ற அரக்கன் பிடித்து அடைக்கிறான். புதன் காலைமுதல் சனி இரவுவரை உணவில்லை, நீரில்லை, வெளிச்சமில்லை. அரக்கன் தடியால் அடித்துவிட்டு, தற்கொலை செய்துகொள்ளுங்கள் என்று ஆலோசனையும் சொல்கிறான். கிறிஸ்தியான் அதை எண்ணிப் பார்க்கிறான் என்பதைப் பன்யன் மறைக்கவில்லை. தோழன் பேசிப் பேசியே அவனை ஒவ்வொரு நாளாக உயிரோடு தக்கவைக்கிறான். இத்தகைய எண்ணம் வருவோருக்கு இன்று மருத்துவரும் தேவை, ஜெபம் மட்டும் போதும் என்று அவர்களை வீட்டில் அடைத்துவைப்பதற்குப் பன்யனைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. சனி நள்ளிரவில் தொடங்கிய ஜெபம் விடியும்வரை நீள, கிறிஸ்தியானுக்குத் திடீரென்று ஒன்று நினைவுக்கு வருகிறது. கோட்டையின் எந்தப் பூட்டையும் திறக்கும் சாவி அவன் மடியிலேயே இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அதன் பெயர் வாக்குத்தத்தம். கடவுள் மனிதருக்குக் கொடுத்த வாக்கைக் குறிக்கத் தமிழ் வேதாகமம் ஆளும் சொல் அது. உட்கதவுகள் எளிதில் திறந்தன. வெளி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் கடுமையாக முரண்டுபிடித்தது.

பன்யன் அடைபட்டிருந்த பெட்ஃபோர்டு சிறையைத் திறக்கக்கூடிய சாவியும் ஒரு வாக்குத்தான், ஆனால் அது மனிதன் அரசுக்குக் கொடுக்க வேண்டிய வாக்கு. அதைக் கொடுக்க மறுத்தவர், கடவுள் கொடுத்த வாக்கைச் சாவியாக்கிக் கதை எழுதினார். தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் புத்தாண்டு ஆராதனையின்போது ஒவ்வொருவரும் ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்து, அதிலுள்ள வசனத்தை அந்த ஆண்டுக்குரியதாகக் கொள்வது வழக்கம். அட்டை வீட்டுச் சுவரிலோ பைபிளுக்குள்ளோ டிசம்பர்வரை இருக்கும். அந்த வழக்கம் பலருக்கு ஆறுதலே. எனினும் கதையில் வரும் சாவி புதிதாகக் குலுக்கி எடுத்ததன்று, முன்பே கையிலிருந்து மறந்துபோனது.

இக்கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியவர் நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் வைணவக் குடும்பமொன்றில் 1827-இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற அவர், கம்பனில் தோய்ந்த விருத்த நடையில் ஐந்து பருவங்களாக இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894-இல் நூலாயிற்று. ஓட்டையடைப்பவரின் தெருப்பேச்சு இந்த உயர்நடையில் மறைந்துபோனது ஓர் இழப்புதான். ஈடாக வந்தவை காப்பியத்துக்கு இடையிடையே அமைந்த தேவாரங்கள் என்னும் இசைப்பாடல்கள். அடியவன் ஆண்டவனிடம் உருகியும் உரிமையோடு முறையிட்டும் பாடும் பழந்தமிழ்ப் பக்தி மரபு அவற்றில் கிறிஸ்தவக் குரலில் ஒலிக்கிறது. விவிலியத்தின் சங்கீதங்களிலும் முறையீட்டுப் பாடல்கள் பெருந்தொகை. 88-ஆம் சங்கீதம் இருளைப் பற்றிய பேச்சோடேயே முடிந்துவிடுகிறது, அதைத் தொகுத்தவர்கள் ஆறுதல் வரி எதையும் கடைசியில் ஒட்டவில்லை.

பன்யன் 1684-இல் வெளியிட்ட இரண்டாம் பாகம் அவ்வளவாகப் படிக்கப்படுவதில்லை. கிறிஸ்தியானின் மனைவியும் பிள்ளைகளும் பயணம் போகும் அப்பாகத்தில் ஊன்றுகோலோடு நொண்டி நடப்பவர், பலவீன மனத்தர், விரக்தியின் கோட்டையில் அடைபட்டிருந்த ஒருவரும் அவர் மகளும் எனத் தளர்ந்தவர்களின் கூட்டமே வழியை நிறைக்கிறது. வழித்துணையாக வரும் வீரர் அவர்கள் அடிவைப்புக்குத் தக்கபடி மெல்ல நடக்கிறார். அரக்கனைக் கொன்று, கோட்டையையும் இடித்துப்போடுகிறார்கள். இவர்களுக்கு முன்பே அவ்வழியே போன அச்சமுடையார் என்பவரைப் பற்றி அந்த வழித்துணைவர் நினைவுகூர்கிறார்: மனிதர் நம்பிக்கையிழவு உளையின் கரையில் ஒரு மாதத்துக்குமேல் புலம்பிக் கிடந்தார், உளையைக் கடந்த பின்னும் வாசலைத் தட்டத் துணிவின்றிக் குளிரில் நின்றார், ஆனால் ஒருபோதும் திரும்பிப்போகச் சம்மதிக்கவில்லை. விண்ணக நகரத்துக்கு முன் ஓடும் மரண ஆற்றில் மூழ்கியே போவேன் என்று அவர் கடைசிவரை அஞ்சினார். அவர் இறங்கிய நாளில் அந்த ஆற்றில் வழித்துணைவர் அதற்குமுன் கண்டிராத அளவுக்கு நீர் குறைந்திருந்தது. பாதம் நனைந்ததற்குமேல் அதிகமில்லாமல் அவர் அக்கரை சேர்ந்தார்.