வாசலில் கிடந்த லாசரு

மும்பை மாநகரில் தமிழர் வாழும் இடங்கள் எவை என்று கேட்டால், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்னும் மூன்று பெயர்களையே எவரும் முதலிற் கூறுவர். தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டே மக்கள் வந்து, தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தனர். மாட்டுங்காவிற்குத் தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் குமாஸ்தாக்களும் கணக்கர்களும் வந்தனர். அங்கே இடம் நெருங்கியபோது செம்பூருக்கும் பரவினர். தாராவிக்கும் மாட்டுங்காவிற்கும் இடையே கிடப்பது மத்திய ரயில்வேயின் இருப்புப்பாதைதான். ஆயினும் அப்பாதையின் ஒருபுறத்துத் தமிழர் மறுபுறத்துத் தமிழரின் இல்லத்திற்கு விருந்தினராகச் சென்ற நாள்களை எண்ணிப் பார்த்தால், விரல்கள் மிஞ்சிவிடும். வேலைக்காகச் செல்வோர் உண்டு; அத்தகையோருக்கெனத் தனி லிப்ட் வைத்திருக்கும் கட்டடங்களும் இந்நகரில் உண்டு.

செல்வத்தையும் செருக்கையும் பணிவையும் பற்றி விவிலியம் கூறுவன பல. அவற்றுள், லூக்கா எழுதிய நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் வரும் உவமை ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். நேயர்களில் பலர் அதனைச் சிறுவயதில் பள்ளியிலேனும் கேட்டிருக்கக் கூடும்.

ஒரு செல்வன் இருந்தான். செந்நிறப் பட்டும் மெல்லிய துகிலும் அவன் உடை. நாள்தோறும் அவன் வீட்டில் விருந்து. அவனுடைய வாசலில், உடலெங்கும் புண்ணோடு, லாசரு என்னும் இரவலன் கிடந்தான். மேசையிலிருந்து விழும் பருக்கைகளால் பசியாற அவன் விரும்பினான். நாய்கள் வந்து அவன் புண்களை நக்கின. இருவரும் இறந்தனர். லாசரு, குலமுதல்வராகிய ஆபிரகாமின் மடியில் சேர்க்கப்பட்டான். செல்வன் தீயில் வீழ்ந்தான். இருவருக்கும் நடுவே எவரும் கடக்கவொண்ணாத பெரும் பிளவு ஒன்று இருந்தது.

இச்செல்வன் செய்த குற்றம் யாது? அவன் லாசருவை அடித்தான் என்றோ, விரட்டினான் என்றோ உவமை கூறவில்லை. அவன் பொருள் தீய வழியில் வந்தது என்றும் கூறவில்லை. இயேசு பெருமான் கூறிய உவமைகளுள் இது ஒன்றில்தான் மாந்தர் பெயர் பெறுகின்றனர்; அதிலும் இரவலனுக்குப் பெயர் உண்டு, செல்வனுக்கு இல்லை. உலகம் பெயர் வழங்கும் முறைக்கு இது நேர் எதிர். நம் ஊர்க் கல்வெட்டுகளையும் நன்கொடைப் பலகைகளையும் பார்த்தாலே போதும்.

இன்னொன்றும் உண்டு, அது எளிதிற் கண்ணிற் படுவதன்று. தீயிற் கிடந்து தவிக்கும் செல்வன், லாசருவை அனுப்பித் தன் நாவில் ஒரு துளி நீர் வைக்கச் சொல்லுமாறு ஆபிரகாமை வேண்டுகிறான். ஆகவே அவன் லாசருவின் பெயரை அறிந்தே இருந்தான்! தன் வாசலிற் கிடப்பவன் யாரென்று தெரியாமற் போயிற்று என அவன் சாக்குச் சொல்ல வழியில்லை. அது மட்டுமன்று. அனைத்தையும் இழந்த பின்னரும் லாசருவிடம் நேரே ஒரு சொல் பேச அவனுக்கு மனம் வரவில்லை. ஆபிரகாமிடம் பேசி, லாசருவை ஏவலாள் போல அனுப்பச் சொல்கிறான். செல்வம் போயிற்று, செருக்கு மட்டும் உடன் வந்துவிட்டது.

ஊசியின் காதையும் ஒட்டகத்தையும் பற்றிய வாசகத்தை அறிந்தோர், விவிலியம் செல்வத்தையே வெறுக்கிறது என்று முடிவு கட்டுவதுண்டு. இவ்வுவமை அம்முடிவுக்கு இடந்தரவில்லை. லாசரு சென்று சேர்ந்த ஆபிரகாமும் பெருஞ் செல்வரே. மந்தையும் வெள்ளியும் பொன்னும் மிக உடையவர். ஆனால் வழிப்போக்கர் மூவர் வந்து நின்றபோது, வெயிலையும் பாராமல் கூடார வாசலினின்று எழுந்தோடி, அவர்கள் கால் கழுவ நீர் தந்து, விருந்திட்டவர் அவர் என்கிறது ஆதியாகமம். செல்வர் இருவருக்கும் வாசல் இருந்தது. அவ்வாசலில் வந்தவனை என்ன செய்தனர் என்பதே வேறுபாடு.

லாசரு என்பது எபிரேயப் பெயரின் கிரேக்க வடிவம். கடவுள் துணைசெய்தார் என்பது அதன் பொருள். அதனைத் தமிழாக்கிப் பெயராக வழங்கியபோது கிடைத்தது ‘தேவசகாயம்’. அப்பெயரைப் பூண்ட ஒருவரின் வரலாறு, தாராவியிலுள்ள பலரின் பூர்வீகமான நெல்லைச் சீமையோடு தொடர்புடையது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனையில் பணிபுரிந்தவர். செல்வமும் குலப்பெருமையும் உடையவர். கால்நடைகளும் பொருளும் அழிந்து மனம் நொந்திருந்த வேளையில், குளச்சல் போரில் 1741-இல் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்த டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைக் கூறினார் என்பர். 1745-இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதன்பின் தம்மினும் தாழ்ந்தோர் என்று கருதப்பட்டவர்களோடு தடையின்றிக் கலந்து பழகினார். 1749-இல் சிறைப்பட்டார். எருமையின் மேலேற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்ட அவர், 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அத்தகைய ஒருவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில் பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. 1872-இல் வடக்கன்குளத்தில் எழுந்த ஆலயம், பீடத்தருகே மட்டும் இணையும் இரண்டு கூடங்களாகக் கட்டப்பெற்றது. உயர்வு கொண்டாடிய சாதியார் ஒரு கூடத்தில், பிறர் மறு கூடத்தில்; நடுவே சுவர். உவமையிற் கூறிய பெரும் பிளவை, அவ்வுவமை வாசிக்கப்படும் இடத்திலேயே செங்கல்லாற் கட்டிவிட்டனர். இறப்பிற்குப் பின் வருவதாகச் சொல்லப்பட்டதற்கு இத்தனை அவசரம் ஏனோ!

1910-ஆம் ஆண்டு, பங்குக் குருவாயிருந்த கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தகற்றினார். தங்கள் உரிமை பறிபோயிற்று என்று ஒரு சாரார் வழக்குத் தொடுத்தனர். பிரிவினையை மீண்டும் ஏற்படுத்தித் தரவேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

சுவர் போன பின்னரும் ஓர் எச்சம் இருந்தது. தேவசகாயம் தம் இறப்புக்குப் பின் நெடுங்காலம் ‘தேவசகாயம் பிள்ளை’ என்றே வழங்கப்பட்டார். அச்சாதிப் பட்டத்தை நீக்குமாறு குமரி மாவட்டத்தைச் சேர்ந்தோர் வத்திக்கானுக்கு எழுதினர். 2020-இல் அது நீக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் ரோமாபுரியில் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பட்டம் ஏதுமின்றித் தேவசகாயம் என்னும் பெயரே ஒலித்தது. வாசலிற் கிடந்த இரவலனின் பெயர்.