பாலா வேறு, பாலாறு வேறு

கணினித் திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துச் சொல்லும் திரைநவிலி, தமிழை எழுத்து முறைப்படியே வாசிக்கிறது. சொல்லின் முதலில் வரும் ககரமும் பகரமும் வல்லொலி. மெல்லெழுத்தை அடுத்து வந்தால் மெலியும். தமிழ்ச் சொற்களுக்கு இந்த விதி பெரும்பாலும் போதும். ஆனால் ‘காந்தி’, ‘பாபு’, ‘பஸ்’ போன்றவற்றின் முதலெழுத்து எப்படி ஒலிக்கும் என்பதை எழுத்து காட்டுவதில்லை. கண்ணால் படிப்பவர் பழக்கத்தால் அறிகிறார். அந்தப் பழக்கத்தைத் திரைநவிலிக்குக் கற்றுத்தரும் வேலை இன்று ஒவ்வொரு பயனர் தலையிலும் தனித்தனியாக விழுகிறது. அதைப் பொதுவேலையாக்க வேண்டும்.

கருவி ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2006-இல் தொடங்கப்பட்ட இலவசத் திரைநவிலியான என்விடிஏ, மூன்று பேச்சு அகராதிகளைத் தருகிறது: எல்லாக் குரல்களுக்கும் ஒன்று, குறிப்பிட்ட குரலுக்கு ஒன்று, நிரலை மூடியதும் மறைந்துவிடும் தற்காலிக அகராதி ஒன்று. மூலச் சொல்லையும் அதற்குப் பதில் ஒலிக்க வேண்டியதையும் எழுதினால் போதும்; மூல உரை மாறாது. சிக்கல், தமிழின் அமைப்பில் வருகிறது. ‘பாலா’ என்ற பெயரை எங்கு வந்தாலும் திருத்தச் சொன்னால், பாலாறும் பாலாடையும் சேர்ந்து கெடும். முழுச்சொல்லாக வரும்போது மட்டும் என்று வரம்பிட்டால், ‘பாலாவின்’, ‘பாலாவுக்கு’ என்று உருபேற்ற வடிவங்கள் அதற்குள் அடங்கா. இரண்டுக்கும் இடையில் வழி காண, தேடுகோவை (regular expression) எழுதும் நுட்பம் வேண்டும். பதில் வடிவத்தைத் தமிழில் எழுதினால் பழைய குழப்பமே திரும்பும். ரோமன் எழுத்தில் எழுதினால் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு விதமாகப் படிக்கலாம்.

காது பழகிவிடும், இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கலாம். தெரிந்த பெயருக்குப் பழகும். முதன்முறை கேட்கும் பெயரைப் பிழையாகவே கற்றுக்கொள்ள நேரும். செயற்கை நுண்ணறிவுக் குரல்கள் தீர்த்துவிடும் என்பதும் அரைகுறை நம்பிக்கையே. ‘பாவம்’ பரிதாபமா, முகபாவமா என்பதைச் சூழல் அறிந்த குரல் ஊகிக்கலாம். ஓர் ஊர்ப்பெயரை அவ்வூரார் சொல்லும் விதத்தை எதைக்கொண்டு ஊகிக்கும்? இணையத்தில் எழுதுபவரே உச்சரிப்பைக் குறிக்கட்டும் என்றால், 2008-இல் வந்த இணைய அணுகல் நெறிமுறை அதைக் கட்டாயம் குறைந்த மூன்றாம் படியில்தான் வைத்திருக்கிறது.

யாருடைய உச்சரிப்பு சரி என்பதே வலுவான மறுப்பு. டொராண்டோவை ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதைத் தமிழ்நாட்டு வழக்கப்படி படித்தால் ஊரே மாறிப்போகும். ஆகவே உச்சரிப்புத் திருத்தங்களின் பொதுப்பட்டியல் ஒன்றாக இராமல், வட்டார வழக்குக்கும் குரலுக்கும் ஏற்பக் கிளைபிரிய வேண்டும். வேண்டியதை எடுக்கவும் நீக்கவும் பயனருக்கு உரிமை வேண்டும். என்விடிஏவின் அகராதி வெறும் உரைக்கோப்பு என்பதால் பகிர்வதும் எளிது. பெயர்களையும் ஊர்களையும் நாள்தோறும் அச்சிடும் பத்திரிகைகளும், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அமைப்புகளும் பார்வையற்ற பயனர்களோடு சேர்ந்து இப்பட்டியலைத் தொகுக்கலாம். எந்த உச்சரிப்பு நிலைக்க வேண்டும் என்ற முடிவு, அதை நாள் முழுக்கக் கேட்கப்போகிறவர்களிடம் இருக்கட்டும்.