பொதிகை நம்மூரு மலை. ஏறும் வழி மட்டும் கேரளாவுல!

நெல்லையில் ட்ரெக்கிங் பேச்சை எடுத்தாலே முதலில் வருவது பொதிகைதான். தாமிரபரணி பிறக்கும் மலையாச்சே! ஆனால் 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு பாபநாசம் பக்கமிருந்து ஏற முடியாது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அனுமதியுள்ள பாதை, திருவனந்தபுரம் மாவட்டம் போனக்காட்டில் தொடங்குகிறது. ஜனவரி வாக்கில் சீசன், கேரள வனத்துறையிடம் ஆன்லைன் முன்பதிவு, போய்த் திரும்ப மூன்று நாள். 2019 முதல் பெண்களும் ஏறுகிறார்கள்.

"தெரிஞ்ச ஆள் இருக்கார், காட்டு வழியா கூட்டிட்டுப் போயிடுவார்" என்று யாராவது சொன்னால் கிளம்பிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ பரவும் வேகத்துக்கு மனுஷனால் மேட்டில் ஓட முடியாது. மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

தமிழகப் பக்கமே நடக்கணுமா? 2024-ல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் நெல்லை மாவட்டப் பாதைகளும் உண்டு. வழிகாட்டி கூடவே வருவார். தீ அபாயக் காலத்தில் மூடிவிடுவார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் இரண்டு மாதம் மூடினார்கள்.