உலகம் அழிந்த கதைகள்: தெரியுமா?

20-ஆம் நூற்றாண்டு பிறந்து 30 ஆண்டுகளுக்குள் ஆங்கில நாவலாசிரியர்கள் உலகத்தை எத்தனை விதமாக அழித்துப் பார்த்துவிட்டார்கள் தெரியுமா? விஷ மேகம், பாக்டீரியா, அணைந்துபோன சூரியன், அணுகுண்டு! படித்தால் தலை சுற்றும்!

★ ஊருக்கே தீ வைத்தவன்!
1901-ல் வந்தது எம். பி. ஷீலின் ‘தி பர்ப்பிள் கிளவுட்’. வட துருவத்துக்குப் போன ஆதம் ஜெஃப்சன் திரும்பி வருகிறான். ஊதா நிற விஷ மேகத்தால் உலகமே பிணக்காடு! தனிமையில் பித்துப் பிடித்தவன் என்ன செய்தான் தெரியுமா? லண்டன் மாநகரத்தையே கொளுத்திவிட்டான்!

★ நியூயார்க் மீது குண்டுமழை!
ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தது 1903-ல். ஐந்தே ஆண்டுகளில், 1908-ல், எச். ஜி. வெல்ஸ் ‘தி வார் இன் தி ஏர்’ எழுதிவிட்டார்! ஜெர்மன் ஆகாயக் கப்பல்கள் நியூயார்க்கைத் தாக்க, போர் பரவி நாகரிகமே சரிகிறது! நிஜத்தில் ‘செப்பலின்’ என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல்கள் இங்கிலாந்து மீது குண்டு வீசியது எப்போது? 1915-ல்!

★ 1320 மாடிக் கட்டடம்!
சூரியன் அணைந்துவிட்டால் மனிதன் எங்கே வாழ்வான்? வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனின் ‘தி நைட் லேண்ட்’ (1912) நாவலில் ஒரு பிரமிடுக்குள்! 1320 மாடிகள்! உயரம் ஏறக்குறைய 8 மைல்! எவரெஸ்ட்டே அதன் பக்கத்தில் குள்ளம்!

★ பாட்டியின் கவலை!
ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் 1913-ல் எழுதிய ‘தி பாய்சன் பெல்ட்’டில் பூமி விஷ வெளிக்குள் நுழைகிறது. பேராசிரியர் சேலஞ்சர் குழுவினர் ஆக்சிஜன் சிலிண்டர்களோடு ஓர் அறைக்குள் அடைந்து தப்புகிறார்கள். வெளியே லண்டனில் விழித்திருந்தது யார் தெரியுமா? ஆஸ்துமாவுக்காக ஆக்சிஜன் வைத்திருந்த ஒரு பாட்டி! அவர் கவலையெல்லாம் தன் ரயில்வே பங்குகளின் விலை என்ன ஆகுமோ என்பதுதான்!

★ ஹிரோஷிமாவுக்கு 31 ஆண்டுகள் முன்பே!
1914-ல் வெல்ஸ் ‘தி வேர்ல்ட் செட் ஃப்ரீ’யில் அணுகுண்டை வீசினார்! விமானத்திலிருந்து கையால் தூக்கிப் போடும் குண்டு! வெடித்துவிட்டு ஓயாது, நாள்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும்! அணுவின் ஆற்றலை வெளிக்கொணரும் வழி அந்த நாவலில் எந்த ஆண்டு கண்டுபிடிக்கப்படுகிறது? 1933! லியோ சிலார்ட் என்ற இயற்பியலாளர் இந்த நாவலை 1932-ல் படித்தார். அவருக்கு அணுக்கருத் தொடர்வினை யோசனை லண்டனில் உதித்தது எப்போது? அதே 1933-ல்!

★ மண்ணைக் கொன்ற பாக்டீரியா!
‘நார்டன்ஹோல்ட்ஸ் மில்லியன்’ (1923) நாவலில் ஒரு பாக்டீரியா மண்ணின் நைட்ரஜன் சத்தை அழிக்கிறது. பயிர் இல்லை, உலகெங்கும் பஞ்சம்! ஜே. ஜே. கானிங்டன் என்ற புனைபெயரில் இதை எழுதியவர் ஒரு வேதியியல் பேராசிரியர்!

★ 200 கோடி ஆண்டு!
ஓலாஃப் ஸ்டேபிள்டனின் ‘லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்’ (1930) எவ்வளவு காலத்தைச் சொல்கிறது தெரியுமா? 200 கோடி ஆண்டுகள்! நாம் முதல் மனித இனமாம்! கடைசி இனம் 18-ஆவது! அது வாழ்வது நெப்டியூனில்!

விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் தொடும் முன்பே எழுத்தாளன் மனத்தால் தொட்டுவிடுகிறான்! வெல்ஸ், டாயில், ஷீல், ஹாட்ஜ்சன் நாவல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதலில் எந்த அழிவைப் படிக்கப் போகிறீர்கள்?